கலபாரித் துணியில் நான் அடைத்த ஓட்டைகள்

ஜூலை 5, சனி

காலை எட்டு மணிக்கே புழுக்கம். மழை வருவது போல இருட்டிக்கொண்டு வந்து, வராமலே போய்விட்டது. கடை மின்விசிறி இரண்டாம் எண்ணைத் தாண்டிச் சுற்றாது. வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

இன்று வந்த வேலை:
பள்ளிக் கால்சட்டை மூன்று, நீளம் குறைக்க.
மலாய்ப் பெண்கள் போடும் பஜு கூரோங் ஒன்று, அக்குள் பிரிந்தது.
டாக்டர் வீட்டுப் பட்டுப்புடவை, ஃபால்ஸ்.
பெலேமா துணி. துவைத்து இஸ்திரி மட்டும்.

பெலேமா மேலே கொண்டோ அடுக்குமாடியில் ஏழாம் மாடி. நைஜீரியாப் பெண். மலேசியாவுக்கு வந்து ஷா ஆலமில் ஆராய்ச்சிப் படிப்பு. மூன்று வருஷமாக வாடிக்கை. முதல் சில மாதம் அவள் வந்தாலே இஸ்திரி போடும் மகேஸை முன்னால் அனுப்பிவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

இன்று கண் வீங்கி வந்தாள். அவள் அம்மா போய்விட்டாராம், ஊரில். அடுத்த சனிக்கிழமை விமானம். அங்கே எல்லோரும் வந்து சேரும் வரை அடக்கம் செய்ய மாட்டார்களாம். இறந்தவரைக் கிடத்தும் கட்டிலைக் குடும்பத்துத் துணிகளால் அலங்கரிப்பது வழக்கம். அதில் இந்தத் துணி கட்டாயம் இருக்க வேண்டும். இவளிடம்தான் இருக்கிறது.

"வாஷ் அண்ட் பிரெஸ் போதும் ஆன்டி. ரொம்பப் பழசு. ப்ளீஸ்." அதற்குள் ஃபோன் அடித்தது. பேசிக்கொண்டே போய்விட்டாள்.

மேஜையில் விரித்தால், அட அல்லா, நம்ம கைலி! சிவப்பும் கருநீலமும் கட்டம், ஊடே வெள்ளை. கடைத்தெருவில் மலாய்க்காரர் பெலிக்காட் என்று கேட்டு வாங்குகிற அதே கட்டம். ஆப்பிரிக்காவில் இது எப்படி?

ஆனால் துணி முழுக்கப் பொடிப் பொடி ஓட்டை. அரிசி அளவு. வெள்ளை இழை மட்டும் போயிருக்கிறது.

மகேஸ் எட்டிப் பார்த்தாள். "அக்கா, ஓட்டை வரிசையா இருக்கே?"

"மடிச்சு வச்ச துணியில பூச்சி தின்னா, ஒரு ஓட்டை எல்லா மடிப்புலயும் விழும். பிரிச்சா வரிசையாத்தான் இருக்கும். எத்தனை பார்த்திருக்கேன்."

"ஓஹோ" என்றாள். அவள் ஓஹோ எனக்குப் பிடிக்காது.

மௌத்து வீட்டுக்குக் கிழிந்த துணியா போவது? எங்கள் வாப்பா போனபோது உம்மா மையித்தைச் சுற்றும் கஃபன் துணியைக் கதவோரம் வெளிச்சத்தில் பிடித்து முழம் முழமாகப் பார்த்துத்தான் கொடுத்தார். ஒரு இழை கூட விட்டிருக்கக் கூடாது. பாவம், இந்தப் பெண் அழுத கண்ணில் ஓட்டையைக் கவனிக்கவில்லை போலும்.

சொல்லாமல் இழை ஓட்டி டார்னிங் செய்து கொடுக்கப் போகிறேன். அம்மாவை இழந்த பிள்ளைக்கு வேறென்ன செய்ய?

ஜூலை 6, ஞாயிறு

கடை லீவு. துணியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். சோப்புத் தூள் போட மனம் வரவில்லை. பூந்திக்கொட்டை ஊற வைத்து அலசினேன். சாயம் துளி இறங்கவில்லை. ஈரமானதும் ஒரு வாசனை, பழைய மரப்பெட்டியும் நீலச்சாயமும் கலந்தது. கிள்ளானில் வாப்பா கடையில் புது மூட்டை பிரித்தால் வருமே, அது.

வீட்டுக்காரர்: "என் கைலியா?"
"உங்க கைலி இவ்வளவு அழகா இருந்துச்சா என்னைக்காவது?"

மதியத்திலிருந்து பால்கனியில். ரீல் நூலைப் பிரித்து ஒற்றை இழையாக்கி, மேலே கீழே மேலே கீழே. முடிச்சுப் போடுவதில்லை நான். நுனியைப் பக்கத்து இழைக்குள் கொஞ்ச தூரம் ஓட்டி, ஒட்ட நறுக்கிவிடுவேன். பின்னால் திருப்பினாலும் தெரியாது.

கால்வாசி முடிந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது. மீன் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

பள்ளிக் கால்சட்டை கொடுத்தாயிற்று. மீதி நேரம் எல்லாம் அந்தத் துணி.

ஒன்று உறுத்துகிறது. பூச்சி தின்றால் ஓரம் பிசிறாக இருக்கும். இதில் சீராக நறுக்கியது போல. ஆப்பிரிக்கப் பூச்சிக்குப் பல் கூர்மையோ என்னவோ.

மகேஸிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு ஓஹோ.

ஜூலை 8, செவ்வாய்

லைனிங் துணி வாங்கக் கோமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளான். இந்தத் துணியையும் பையில் எடுத்துப் போனேன், தம்பி ரஹீமிடம் காட்ட. வாப்பாவின் கைலிக் கடை இப்போது அவனுடையது. ரயிலில் உட்கார்ந்து மிச்ச ஓட்டையை எல்லாம் முடித்துவிட்டேன். எதிரே இருந்த சீனத்தி கிள்ளான் வரும் வரை என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பெருமையாகத்தான் இருந்தது.

ரஹீம் துணியை விரலால் உருட்டினான். மோந்தான். பிறகு ஓரத்து நூலைப் பல்லில் வைத்துக் கடித்தான்.

"சீ, அடுத்தவங்க துணிடா!"
"சும்மா இரு லாத்தா. இது சுத்தமான மெட்ராஸ் சரக்கு. நாக்குல தெரியுது பாரு. எங்கே புடிச்சே?"
"நைஜீரியா."
"ஆங், சரியாப் போச்சு! அந்தப் பக்கத்துக்குன்னே தனியா நெய்தாங்க. வாப்பா சொல்வாரே, மறந்துட்டியா? இங்க ஒரு கப்பல், அங்க ஒரு கப்பல். பழவேற்காட்டுச் சரக்கு மலாய்க்காரன் இடுப்புக்கு, மெட்ராஸ் சரக்கு கறுப்பன் இடுப்புக்கு."
"மரியாதையாப் பேசு. அவ என் கஸ்டமர்."
"சரி லா, சரி லா."

எத்தனை காலமாக என்று கேட்டேன். மெட்ராஸில் வெள்ளைக்காரன் கோட்டை கட்டிய காலத்திலிருந்தே என்றான். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். மீதிப் பாதியே பெரிய விஷயம்தான்.

திரும்பும் வழி எல்லாம் யோசனை. அந்தக் காலத்தில் இந்த மாதிரித் துணியை அங்கே வாங்கியது யார்? நைஜீரியா என்று ஒரு நாடே இல்லாத காலம். அங்கே ராஜா இருந்தாரா? எதைக் கொடுத்து வாங்கினார்கள்? நாளை பெலேமாவைக் கேட்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்கு வந்தாள். இனி அவளைப் பெ. என்று எழுதுகிறேன். அவள் பேசுவது ஆங்கிலம், நான் என் தமிழில் போட்டுக்கொள்கிறேன்.

மடிப்புக் கலைத்து விரித்துக் காட்டினேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன் நான். அவள் துணியைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இது என்னுது இல்லை ஆன்டி. மாத்திக் கொடுத்துட்டீங்க."
"உன்னுதுதாம்மா. ஓட்டையெல்லாம் அடைச்சுட்டேன். காசு வேணாம்."
"ஓட்டையை..."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

அது ஓட்டை இல்லை. சித்திரம். அவள் ஊரில் பெண்கள், நம் கட்டம் போட்ட துணியை வாங்கி, ஊசியால் ஒவ்வொரு வெள்ளை இழையாகத் தூக்கி, பிளேடால் நறுக்கி எடுப்பார்களாம். நறுக்க நறுக்கத் துணிக்குள் இருந்து ஓர் உருவம் வரும். பெலெத்தே பிதே என்று பெயர். இதில் இருந்தது ஆமை. அவள் அம்மா பதினெட்டு வயதில் உட்கார்ந்து நறுக்கியது. ஊரிலேயே இந்த ஆமைக்குப் பேர்.

அம்மாவின் கையால் செய்த ஆமை. அதைத்தான் நான் பால்கனியில் உட்கார்ந்து, கழுத்து வலிக்க, அழகாக, ஒன்றும் மிச்சம் வைக்காமல், அழித்திருக்கிறேன்.

"அத்தைங்க நாலு பேர் கட்டிலுக்குத் துணி கட்டுவாங்க. விரிச்ச உடனே கேப்பாங்க, எங்க உங்கம்மா கைன்னு. நான் என்ன சொல்ல?" துணியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா இருந்தா என்னை மன்னிக்கவே மாட்டாங்க. கையில எதைக் கொடுத்தாலும் கெடுத்துடுவேன்னு சின்ன வயசுலேருந்து சொல்வாங்க."

கெடுத்தது நான். சொன்னேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மகேஸ் ஓஹோ சொல்லவில்லை. மைலோ கலந்து கொண்டு வந்து கொடுத்தாள்.

பிரித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமைக்குள். வாய் சொல்லிவிட்டது, கை செய்ய வேண்டுமே. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. கேட்டிருக்கலாமே! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, இது என்னம்மா என்று கேட்டிருக்கலாம்.

ஜூலை 10, வியாழன்

மற்ற வேலை எல்லாம் மகேஸ் தலையில்.

காலை ஏழிலிருந்து உட்கார்ந்தேன். நான் ஓட்டிய இழை எது என்று எனக்கே தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்தும் தெரியவில்லை. பதினோரு மணி வரை எடுத்தது ஒன்பது. பிறகு ஒன்றை இழுத்தேன்; இழுக்கும்போதே விரலுக்குத் தெரிந்துவிட்டது, அது என்னுடையது இல்லை. பழைய இழை மெத்தென்று வரும். பதறிப்போய்த் திருப்பி ஓட்டி வைத்தேன். அதற்கு மேல் கை வரவில்லை.

பெ. வகுப்புக்குப் போகாமல் வந்துவிட்டாள். கைப்பேசியில் அம்மாவின் படம் ஒன்று. ஏதோ திருவிழா, அம்மா இந்தத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கிறார், கண்டிப்பான முகம். சுற்றியதில் ஆமையின் பாதிதான் தெரிகிறது. ஓடும் ஒரு காலும்.

நூலைக் கடித்துப் பார்த்து அடையாளம் காணலாமே என்றேன், ரஹீம் செய்தது போல. அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. அவள் அத்தைமாரும் அப்படித்தானாம், மோந்து, நாக்கில் வைத்து, அசலா என்று பார்ப்பார்கள். ஆனால் நெய்த துணிக்கு நடுவே இருக்கும் இழையை எப்படிக் கடிப்பது? நான் முயன்றேன். மகேஸ் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

நான் தேட, அவள் பேச. வாய் ஓய்ந்தால் அழுதுவிடுவாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பாதி அதற்காக, பாதி எனக்கே தெரிந்துகொள்ளும் ஆசை. மறக்காமல் இருக்க:

அவர்கள் கலபாரி. நைஜர் நதி நூறு கிளையாகக் கடலில் விழும் இடம். கிள்ளானில் பண்டமாரானைத் தாண்டினால் வருமே, பாக்காவ் என்கிற சதுப்பு மரமும் சேறும், அதே போல, கண்ணுக்கு எட்டிய மட்டும். வள்ளிக்கிழங்கு கூட விளையாத மண். மீனும் உப்பும் படகில் ஏற்றி ஆற்றோடு மேலே போய்க் கிழங்கு வாங்கி வருவார்கள். வெள்ளைக்காரன் கப்பல் வருவதற்கு முன்னாலேயே வியாபாரிகள்.

ராஜாவுக்கு அமன்யானபோ என்று பேர். ஊருக்கு உடையவர் என்று பொருளாம். ஆனால் அவர் இஷ்டத்துக்கு ஒன்றும் நடக்காது. கீழே வீடுகள். வீடு என்றால் கட்டடம் இல்லை.

"கம்பெனி மாதிரியா?" என்றேன்.
"கம்பெனி, குடும்பம், படை, மூணும் ஒண்ணு. ஒரு போர்ப்படகை ஆளும் துப்பாக்கியுமா நிரப்பி அனுப்ப முடிஞ்சாத்தான் அதுக்கு வீடுன்னு பேர். அந்த வீட்டுக்குத்தான் சபையில இடம்."

இறந்த தலைவருக்கு மரத்தில் ஒரு பலகை செய்து உருவம் வைப்பார்கள். முகம் ஒத்திருக்க வேண்டாம். பேர் சொல்லி அழைத்தால் அதில் வந்து உட்காருவாராம். அஸ்தஃபிருல்லா என்று நாக்கு வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். கேட்பவள் நான், கேட்டால் சும்மா கேட்க வேண்டும்.

பிறகு வீடுகளுக்குள் சண்டை முற்றி, பிரிட்டிஷ்காரன் கொடி ஏறுவதற்குச் சற்று முன்னால், பழைய ஊரை விட்டு மூன்று ஊராகப் பிரிந்தார்கள். அவள் ஊர் புகுமா, அதில் ஒன்று. பழைய ஊர் இப்போது காடு.

"துணி?"
"துணி இருந்தாத்தான் பெரிய வீடு. பெட்டி பெட்டியா. அதை அப்படியே கட்டினா அது கடைக்காரன் துணி ஆன்டி. நாங்க நறுக்கினாத்தான் எங்க துணி."

அப்போதுதான் கேட்டேன். இரண்டு நாளாகத் தொண்டையில் நின்றது. "அவ்வளவு துணிக்கு நீங்க திருப்பிக் கொடுத்தது என்ன? மீனா?"

ஊசியைக் குத்தினேன், எடுத்தேன்.

"பின்னால பாமாயில். முதல்ல ஆளுங்க."

ஆட்களை. மேலே ஆற்றோரத்தில் அடிமையாக வாங்கி, கப்பலுக்கு விற்று, அக்கரை அமெரிக்காவுக்கு. நம் ஊர்க் கட்டம் போட்ட துணிக்கு. நெய்தவன் பாவம் ஒன்றும் அறியான். துணி விற்றவர்களில் எங்கள் ஆட்களும் இருந்திருப்பார்கள், வெள்ளைக்காரனுக்குக் கொள்முதல் செய்து கொடுத்தவர்கள் வேறு யார்? மடியில் இருந்த துணி கனத்தது. உண்மையாகவே கனத்தது. ஆயிரம் தடவை சலாம் சொல்லி வியாபாரம் செய்த பரம்பரை என்று ரஹீம் பீற்றிக்கொள்வான். நானும்தான்.

பெ. தொடர்ந்தாள், என்னைப் பார்க்காமல். வாங்கிய எல்லோரையும் விற்கவில்லையாம். சிலரை வீட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் கலபாரியாகவே ஆகிவிட வேண்டும்: பேச்சு, ஆட்டம், சாப்பாடு எல்லாம். இருட்டியபின் தெருவில் ஒரு கூட்டம் சுற்றும், எதிர்ப்பட்டவரைப் பேசச் சொல்லும், பேச்சில் பிற வாடை அடித்தால் போச்சு. தேறினவன் சொந்தப் பிள்ளை மாதிரி. வீட்டுக்கே தலைவனாகவும் ஆகலாம்.

"எங்க அம்மா வழியில ஒருத்தி, துணிக்கு வாங்கப்பட்டவ. பேரு தெரியும். எந்த ஊருன்னு தெரியாது. வீட்டுல யாரு வாங்கினவங்க, யாரு பொறந்தவங்கன்னு கேக்கக் கூடாது. வாயைத் திறந்தா அம்மா அடிப்பாங்க."

இஸ்திரி மேஜையிலிருந்து மகேஸ், உடைந்த ஆங்கிலத்தில்: "எங்க ஆளுங்க ரப்பர் தோட்டத்து வேலைக்கு வந்தாங்க மிஸ். எந்த ஊருலேருந்துன்னு எங்களுக்கும் தெரியாது. கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. யாரும் கேக்கல, அவ்வளவுதான்."

ஐந்து மணி. மொத்தம் எடுத்தது பதினான்கு. ஆமைக்கு மூக்கு கூட வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

அல்ஹம்துலில்லாஹ். வரிசையாக எழுதுகிறேன்.

மகேஸ் சுங்கை பூலோவிலிருந்து ரயிலில் வருகிறவள்; இன்று ரயில் தாமதம், வரும்போது மதியம் நெருங்கிவிட்டது. வரும் வழியில் பக்கத்துக் கடை மணி சேஞ்சர் பாயிடம் ஏதோ கேட்க நின்றிருக்கிறாள். ஓடி வந்தாள்.

"அக்கா, பாய் கள்ள நோட்டு பாக்கற வெளக்குல நோட்டைக் காட்டினாரு. பக்கத்துல என் பிளவுஸ் கை பட்டுச்சு. புது வெள்ளை. நீலமா எரியுது அக்கா! கையில இருக்கற பழைய கயிறு அப்படியே கறுப்பா கெடக்கு."

ஒரு நொடி புரியவில்லை. பிறகு ரீல் நூலை எடுத்துக்கொண்டு செருப்பு கூடப் போடாமல் ஓடினேன். விளக்கில் காட்டினால், பளீர். மில்லில் இந்த வெள்ளைக்கு ஏதோ மருந்து போடுகிறான். அந்தக் காலத்து மெட்ராஸ் வெள்ளைக்கு அது ஏது? சோப்புத் தூள் போட்டிருந்தால் துணி முழுக்க எரிந்திருக்கும். பூந்திக்கொட்டையால் பிழைத்தேன்.

பாய் ஜும்ஆத் தொழுகைக்குக் கடை சாத்தும் நேரம். "திரும்பி வந்ததும் வேணும்" என்று சொல்லிக் கொடுத்தார். விளக்கை எதற்கு என்று கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

உடை போட்டுப் பார்க்கும் தடுப்புக்குள் நான், மகேஸ், பெ. மூவரும். திரைக்கு மேல் இரண்டு போர்வை போட்டு இருட்டாக்கினோம். வேர்வை ஆறாக ஓடுகிறது. மகேஸ் முழங்கை என் விலாவில்.

விளக்கைப் போட்டேன்.

கறுத்த துணிமேல் என் இழைகள் எல்லாம் நீல வெள்ளையாக எரிந்தன. நான் ஒவ்வொன்றாக அழித்த ஆமை முழுசாக வெளிச்சத்தில் நின்றது. ஓடு, நாலு கால், தலை, சின்ன வால். பெ. கையை வாயில் வைத்துக்கொண்டாள். அதுவரை நான் அந்த ஆமையைப் பார்த்ததே இல்லை. எவ்வளவு அழகு! பதினெட்டு வயசுப் பெண் பிளேடால் நறுக்கியதா இது? என் கைத்திறமை, என் பவுசு எல்லாம் அங்கேயே செத்துப்போனது.

நான் குண்டூசி குத்த, மகேஸ் விளக்குப் பிடிக்க, பெ. துணி நகர்த்த. பிறகு வெளியே ஜன்னலோரம் வந்து ஊசி ஊசியாக எடுத்து இழையை உருவுவது. மறுபடி உள்ளே. பாய் தொழுகை முடிந்து வந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று போனார். மதியச் சாப்பாடு ரொட்டி சானாய், மகேஸ் எங்கள் இரண்டு பேருக்கும் பிய்த்துப் பிய்த்து ஊட்டினாள், கை எண்ணெய் படக்கூடாது என்று.

பகல் வெளிச்சத்தில் முதல் கால் வந்தபோது பெ. எழுந்து நின்று இரண்டு அடி ஆடினாள். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள்.

நாலரைக்கு முடிந்தது. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மூவரும் மறுபடி தடுப்புக்குள். துணி முழுக்க இருட்டு. நிம்மதி.

இல்லை. கீழே, பின்னங்கால் ஓரத்தில், ஒரே ஓர் இடம் இன்னும் எரிந்தது.

விட்டுப்போன ஒன்று என்று ஊசியைக் கொண்டு போனேன். நெருங்கிப் பார்த்தால் நூல் தடி. இரண்டு புரி, மில்லில் வந்த தையல் மிஷின் நூல். அவசர அவசரமாக ஐந்து குத்து, பின்னால் ஒரு முடிச்சு.

"இது என் வேலை இல்லை" என்றேன். "நான் முடிச்சுப் போட மாட்டேன்."

மகேஸ் விளக்கை இன்னும் கிட்டே பிடித்தாள். சித்திரத்தில் அந்த இடத்தில் ஓட்டை இருக்கக் கூடாது. கால் அங்கே முடிகிறது. யாரோ ஓர் இழை அதிகமாக நறுக்கிவிட்டு, பயந்துபோய், அதை மூடியிருக்கிறார்கள்.

பெ. அதைத் தொட்டாள். வெகு நேரம் விரலை எடுக்கவில்லை.

"அம்மா" என்றாள். "ஒரு இழை கூடத் தப்பா நறுக்கினது இல்லைன்னு ஊரெல்லாம் சொல்வாங்க. எங்கிட்ட ஆயிரம் தடவை சொல்லியிருக்காங்க. நான் ஒவ்வொரு தடவை தப்பா நறுக்கும்போதும் பிளேடைப் பிடுங்கிட்டுச் சொல்வாங்க."

அப்புறம் அழுதாள். புதன்கிழமை வராத அழுகை, தடுப்புக்குள், போர்வைக்குக் கீழே, எங்கள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு. நடுவில் சிரிப்பும் வந்தது அவளுக்கு. மகேஸும் அழுதாள், என்னத்துக்கு என்று அவளுக்கே தெரியாது. நான் மட்டும் என்ன, கல்லா?

"இதையும் சரியாப் பண்ணித் தரவா? யாருக்கும் தெரியாது" என்று கேட்டேன். என் புத்தி போகுமா?

"வேணாம் ஆன்டி. அதைத் தொடாதீங்க."

விளக்கைத் திருப்பிக் கொடுத்தேன். பாய் கேட்டார், நோட்டு நல்ல நோட்டா என்று. நல்லது பாய் என்றேன்.

ஜூலை 12, சனி

லேசான தூறல். காலை பத்துக்கு வந்தாள், பெட்டியோடு. இஸ்திரி நானே போட்டேன், ஆமையை உட்புறமாக வைத்து, துணிக்கு மேல் துணி போட்டு, சூடு குறைத்து.

அத்தைமாரிடம் நடந்ததைச் சொல்வாயா என்று கேட்டேன். என்னைப் பற்றிச் சொல்வாளாம். பின்னங்காலைப் பற்றிச் சொல்ல மாட்டாளாம்.

மடிப்பதற்கு முன் அந்த இடத்தைத் தேடிக் கட்டைவிரலை வைத்தாள். அவள் பாஷையில் என்னவோ சொன்னாள், மெதுவாக, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போல. என்னம்மா சொன்னாய் என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்டுவிட்டேன்.

"‘நானும் கெடுத்துட்டேன் அம்மா. நீயும்தான்.’ அவ்வளவுதான் ஆன்டி."

கார் வந்தது. துணியைப் பெட்டிக்குள் வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டு போனாள்.